மூச்சு விடாதே

மொபீல் துறைமுகத்தில் கப்பல் பட்டறைக்குப் பின்தெரு.
மாடியில் மூச்சு அளக்கும் அறை.
பதினோரு வருடமாக நான் பேசுவது இவ்வளவுதான்:
இழுங்கள், இன்னும், இப்போது ஊதுங்கள்,
ஊதுங்கள், ஊதுங்கள், நிறுத்தாதீர்கள்.
சிலர் என்னைத் திட்டுவார்கள்.
சிலருக்குத் திட்டவும் மூச்சிருக்காது.

அன்று வந்தவர் அல்சீட் டுப்ரோக்கா.
கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார் சுற்றியவர், இருபத்தாறு ஆண்டு.
மதிய ரொட்டிமேல் அது மாவுபோல் படியுமாம்.
ஊதிவிட்டுத் தின்பார்களாம்.

மூன்று முறை ஊதினார்.
மூன்று லிட்டர், கொசுறாக நூறு மில்லி.

இயந்திரம் வயது கேட்டது. அறுபத்தொன்று.
ஆணா பெண்ணா என்றது. சொன்னேன்.
உயரம் கேட்டது. காலணியைக் கழற்றி நிறுத்தி அளந்தேன்.
நான்காவது கட்டத்துக்கு மட்டும்
இந்த அறையில் அளவுகோல் கிடையாது.
இனம் என்று போட்டிருக்கும்.
வேலை கற்றுத்தந்தவள் சொன்னாள்,
கேட்டால் சங்கடப்படுவார்கள், பார்த்தாலே தெரியும்.

பார்த்தேன்.
ஜன்னலோரம் ஒரு நிறம், குழல்விளக்கின் கீழ் இன்னொன்று,
சட்டைக்கை மடித்த இடத்திலிருந்து வேறொன்று.
கறுப்பர் என்று அழுத்தினேன்.
எண்பத்தைந்து விழுக்காடு. இயல்பு.
இயல்பு வந்தால் நஷ்டஈடு வராது.

"அந்த மேல் வரியை அழுத்தினால்?"

அழுத்தினேன்.
அவர் ஊதவில்லை, குழாய் வாயிலேயே இல்லை,
கைகுட்டையை மடித்துக்கொண்டிருந்தார்.
எழுபத்திரண்டு. பாதிப்பு உண்டு.

சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது.
இருமல் ஓய நான்கு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன்,
வேறெங்கே பார்ப்பது?

அப்புறம் சொன்னார்:
ஓவீட் என்று ஓர் அண்ணன். ஒரே வயிற்றில் பிறந்தவன்.
ஐம்பத்துநான்கில் டகோமாவுக்கு ரயிலேறினான்,
இறங்கும்போது வெள்ளைக்காரன்.
இடையில் எந்த ஸ்டேஷனில் மாறினானோ,
தோல் அதேதான், தொப்பி மட்டும் புதிது.
ஒரே ஒரு கடிதம் வந்தது:
யார் கேட்டாலும் என்னைப் பற்றி மூச்சு விடாதே.
விடவில்லை. அம்மாவின் சாவைக்கூட
அவனுக்கு எழுதாமல் இருந்தேன்.
அங்கேயும் பட்டறைதான், அங்கேயும் கல்நார்தான்.
அவன் நெஞ்சுக்குப் பணம் கொடுத்தார்கள்.

"எழுபத்திரண்டைப் போடட்டுமா?"
"அது அவன் எண்ணம்மா."
"அப்படியானால் எண்பத்தைந்தா?"
"அது யாருடையது என்று எனக்குத் தெரியாது."

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
சேமிக்க முடியாது என்றது இயந்திரம்.
ஒரு தாளில் கையால் எழுதினேன்:
மூன்று புள்ளி ஒன்று லிட்டர்.
மாடிப்படி இருபத்திரண்டு. ஏறும்போது நின்றது மூன்று முறை.
மருத்துவர் ஓரத்தில் கிறுக்கித் திருப்பிவிட்டார்,
தட்டச்சு செய்து தரவும், கட்டங்கள் முழுமையாக.

எல்லோரும் போனபின் நானே ஊதினேன்.
லெபனானிலிருந்து துணிமூட்டையோடு வந்தவர் என் கொள்ளுத்தாத்தா.
அவர் வெள்ளையரா என்று வழக்கு நடந்தது.
ஆம் என்றார் நீதிபதி, ஒரு செவ்வாய்க்கிழமை.
திங்கள் இரவு அவர் யாராகத் தூங்கினார்
என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.
ஒவ்வொரு வரியாக அழுத்தினேன்.
ஒன்றில் தேறினேன், ஒன்றில் தேறவில்லை,
ஒன்றில் என் வயதுக்கு அபாரமான நெஞ்சு.
அட்டைக்குழாயில் என் உதட்டுச்சாயம் ஈரமாகவே இருந்தது.

காலையில் தொலைபேசி அடித்தது.
எடுத்தேன். குரல் வரவில்லை.
படியேறியவர்போல ஒரு மூச்சு, ஓர் இடைவெளி, இன்னொரு மூச்சு.
யாரென்று நான் கேட்கவில்லை.